முதல் வெட்டு மெல்லிசாக

38 வருஷம் லேத் முன்னால் நின்றவன் நான். டர்னர், அதாவது இரும்பைச் சுழலவிட்டுக் கடைபவன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஐந்தே காலுக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்தது. எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, கடைசிப் பொத்தான் வரை போட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் போக இடமில்லை என்பது உறைத்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போட்ட பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

மறுபடி காலையில் சட்டை மாட்ட ஒரு காரணம் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. அதில் ஒன்றரை வருஷம் சுத்த வீண். அந்த ஒன்றரை வருஷத்தையாவது நீங்கள் மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேள்வியை மாற்றுங்கள்

'இனி என் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?' என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு யோசிக்காதீர்கள். விடை வராது, தூக்கம்தான் வரும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். நல்ல நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 'இனி செய்ய வேண்டியவை' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். இரண்டு மாதம் அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தது. மூன்றாம் மாதம் என் மனைவி அதில் வீட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்தாள்.

கேட்க வேண்டிய கேள்வி இதைவிடச் சின்னது. 'நாளைக்கு நான் வராவிட்டால் யாருக்காவது தெரியுமா?' வேலையில் இருந்தபோது எட்டு மணிக்கு என் மெஷின் பக்கத்தில் ஆள் இல்லை என்றால் எட்டு ஐந்துக்கு ஃபோர்மேன் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். அவர் என்மேல் பாசமாக இருந்தவர் இல்லை. ஆனாலும் தேடுவார். நான் இழந்தது வேலையை அல்ல, சம்பளத்தைக்கூட அல்ல, அந்தத் தேடலைத்தான். இது புரியவே எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

முதல் மூன்று மாதம் எதையும் தொடாதீர்கள்

மூன்றாவது வாரம் சமையலறை அலமாரியில் கை வைத்தேன். டூல் ரூமில் எதை அதிகம் எடுக்கிறோமோ அது கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அதே கணக்கில் டப்பாக்களை எல்லாம் மாற்றி அடுக்கி, லேபிளும் ஒட்டினேன். என் மனைவி வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. "ஏங்க, ரிட்டையர் ஆனது நீங்க. நான் இன்னும் ஆகலை" என்றாள். ஒரு மணி நேரத்தில் எல்லா டப்பாவும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. லேபிள்களின் பசை மட்டும் இன்னும் போகவில்லை.

வெறும் கை எதையாவது பிடிக்கத் துடிக்கும். அந்த நேரத்தில் வீட்டை விற்பது, ஊர் மாறுவது, சேமிப்பைப் போட்டுத் தொழில் தொடங்குவது, சங்கத்தில் பதவி ஏற்பது எதுவும் வேண்டாம். வாழ்க்கைத் துணையை இழந்து தனித்து நிற்பவர்களுக்கு மூன்று மாதம் போதாது. அவர்கள் இன்னும் நிதானமாக இருக்கலாம்.

இந்த இடைவெளியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாகக் காது. எனக்குக் கூட்டம் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நாலு பேர் சேர்ந்து பேசினால் எனக்குப் பாதி விழவில்லை. விழாததற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டி அலுத்துப்போய் வீட்டிலேயே தங்கிவிட்டேன். மெஷின் சத்தத்தில் நின்றவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காதுக் கருவி வந்த பிறகுதான் மனிதர்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, எழுந்திருப்பதே பாரமாக இருந்தால் அது நோக்கம் இல்லாத குறை இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். வயதானால் அப்படித்தான் என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நன்றாகச் சிகிச்சை செய்யக்கூடியது அது.

உங்களைத் தேடி எதற்கு வந்தார்கள்?

'உங்களுக்கு என்ன பிடிக்கும்?' என்று எல்லாரும் கேட்பார்கள். 38 வருஷம் ஷிப்டில் போனவனுக்கு என்ன பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை தூங்கப் பிடிக்கும்.

வேறு மாதிரி தேடுங்கள். சம்பளத்துக்குச் சம்பந்தமில்லாமல் யாரோ ஒருவர் உங்களைத் தேடி வந்த பத்துச் சமயங்களை எழுதுங்கள். யார் வந்தார், என்ன கேட்டார், நீங்கள் என்ன செய்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும். இல்லத்தரசியாக இருந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் பத்தில் நிற்காது; ஐம்பதைத் தாண்டும். அவர்களைத் தேடி வராதவர் யார்?

ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-இல் ஒன்றை எழுதினார். வயதானவர்கள் பழசையே பேசிக்கொண்டிருப்பது மூளை மழுங்கியதன் அறிகுறி என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். இல்லை, அது வாழ்ந்ததைத் திரும்ப எடுத்து அடுக்கிப் பார்க்கும் இயல்பான வேலை என்றார் அவர். நம் உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கை வரலாற்றைப் பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கியது 1940-இல். அப்போது அவருக்கு வயது 85-ஐ ஒட்டி. 1942-இல் இறக்கும்வரை எழுதினார், முடிக்கவில்லை. அதில் அவர் தன்னைப் பற்றி எழுதிய அளவுக்குத் தன் ஆசிரியரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது யார் பெரிதாகத் தெரிகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதில் ஒரு துப்பு இருக்கும்.

என் பத்தில் ஏழு ஒரே மாதிரி இருந்தன. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மத்தியான இடைவேளையில் தான் கடைந்த ஏதாவது ஒரு இரும்புத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பான். "அண்ணே, இது ஏன் இப்படி வருது?" நான் நல்ல டர்னர் என்று நினைத்திருந்தேன். பட்டியலைப் பார்த்தால், 'இது ஏன் இப்படி வருது' என்பதற்குப் பதில் சொல்பவனாகத்தான் என்னை எல்லாரும் வைத்திருந்திருக்கிறார்கள்.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்வை எட்டுக் கட்டமாகப் பிரித்தவர். அடுத்து வருபவர்களுக்கு எதையாவது கைமாற்றிவிட வேண்டும் என்ற வேட்கை நடுவயதில் தலைதூக்கும், அதற்கு வழி இல்லாதவன் தேங்கிப்போவான் என்றார். நடுவயதில் மட்டும்தானா என்பது எனக்குச் சந்தேகம். எனக்கு அது 61-இல் வந்தது.

டிரையல் கட்

லேத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷாஃப்ட்டை, அதாவது இரும்புத் தண்டை, வேண்டிய அளவுக்கு ஒரே அடியாகக் கடைய மாட்டோம். டூலை மேலே தொடவிட்டு, ஓரத்தில் கொஞ்ச தூரம் மட்டும் மெல்லிசாக ஒரு வெட்டு. மெஷினை நிறுத்தி, மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் முழு வெட்டு. வெட்டிய இரும்பை ஒட்ட முடியாது, அதனால்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பாடத்தை மறந்து, ஒரு சங்கத்தில் பொருளாளராக முழு வெட்டுப் போட்டுவிட்டேன். நாலு மாதம். ரசீதுப் புத்தகத்தோடு இரவு பதினொன்று வரை மல்லுக்கட்டல், இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் பஞ்சாயத்து. விலகியபோது இரண்டு கோஷ்டியும் முதல்முறையாக ஒற்றுமையாக என்னைத் திட்டினார்கள்.

அதற்கப்புறம் எதில் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "ஆறு வாரம் வருகிறேன், வாரம் ஒரு நாள். அதற்குப் பிறகு சொல்கிறேன்." முடியும் தேதியை முதலிலேயே சொல்லிவிட்டால் விலகுவதில் மனஸ்தாபம் இருக்காது. ஆறு வாரத்துக்குள் ஒன்று ஒத்துவருமா வராதா என்று தெரிந்துவிடும்.

எப்படி அளப்பது? நான் மூன்றைக் குறித்துக்கொள்வேன். அங்கே இருந்த நேரத்தில் எத்தனை தடவை கடிகாரம் பார்த்தேன். கிளம்பும்போது யாராவது "அடுத்து எப்போ வருவீங்க?" என்று கேட்டார்களா. மறுநாள் காலை உடம்பு அலுப்பாக இருந்ததா, மனசு அலுப்பாக இருந்ததா. உடம்பு அலுப்பு பரவாயில்லை.

ஒரு மருத்துவமனையில் வழிகாட்டும் தொண்டராக ஆறு வாரம் போனேன். பெயர் போட்ட அட்டை தந்தார்கள், நாற்காலி தந்தார்கள், வேலை தரவில்லை. சுவரெல்லாம் அம்புக்குறி இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரே மாலையில் பதினேழு தடவை கடிகாரம் பார்த்திருக்கிறேன். பாட்டு வகுப்பு: மூன்று வாரத்தில் ஆசிரியரே அன்பாக வேறு ஏதாவது பாருங்கள் என்றார். நான்காவதாகப் போட்ட வெட்டுதான் நின்றது.

பழுது மேசை

நெதர்லாந்தில் 2009-இல் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பெண் ஒன்றைத் தொடங்கினார். பொது இடத்தில் மேசை போட்டு, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உடைந்த பொருளோடு வருபவர் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. கூட உட்கார்ந்து தானும் கை கொடுக்க வேண்டும். இன்று பல நாடுகளில் அந்த மாதிரி மேசைகள் உண்டு. கேள்விப்பட்டதும் பட்டியலில் இருந்த ஏழு பையன்களும் கண்முன் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணி, ஒரு நூலகத்தின் பின்பக்க அறை, இரண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு டெஸ்டர், நான்.

முதல் இரண்டு வாரம் ஆள் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு அம்மா சீலிங் ஃபேனோடு வந்தார். ஸ்விட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றுவதில்லை, துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றார். ஒரு மாதமாகத் தள்ளிவிட்டே ஓட்டியிருக்கிறார். வேலை தேடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் சும்மா வேடிக்கை பார்க்க நின்றான். எனக்கு அந்த அம்மா வாயைத் திறந்ததுமே தெரியும், கண்டென்சர் போய்விட்டது. சொல்லிவிட்டால் மூன்று நிமிஷ வேலை.

சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தப் பையனிடம், "கையால சுத்திப் பாரு" என்றேன். சுற்றினான். தங்கு தடை இல்லாமல் சுற்றியது. "அப்ப பேரிங்கு?" "நல்லாத்தான் இருக்கு." "தள்ளிவிட்டா ஓடுதுன்னா, எது இல்லாம இருக்கு?" யோசித்தான். ரொம்ப நேரம். அந்த அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது போல என்று. பையன் மெதுவாக, "ஸ்டார்ட் ஆகுறதுக்கு ஏதோ ஒண்ணு" என்றான். மூடியைக் கழற்றச் சொன்னேன். இரண்டரை மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒரு பக்கம் உப்பிக்கொண்டு கிடந்தது. அவனே அதைத் தொட்டுக் காட்டினான். "தாத்தா, இதுவா?"

தாத்தா என்றது முதலில் சுருக்கென்றது. அண்ணே என்றே கேட்டுப் பழகிய காது. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது இந்த வயதில் கற்க வேண்டிய கஷ்டமான வித்தை. இதில் தோற்றால் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இளையவர்கள் இரண்டாம் வாரம் வர மாட்டார்கள். "எங்க காலத்துல" என்று வாக்கியம் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை நடுங்கினால்

எனக்கு இப்போது வலது கை நடுங்குகிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் அளந்த கை, இன்று சின்ன ஸ்க்ரூவைத் துளையில் வைக்கத் தடுமாறுகிறது. இதற்குப் பழைய வேலையையே மூக்கால் அழுதுகொண்டு செய்வது ஒரு வழி, விட்டுவிடுவது இன்னொரு வழி. மூன்றாவதும் உண்டு.

பால் பால்டெஸ், மார்கிரெட் பால்டெஸ் என்ற ஜெர்மன் உளவியல் தம்பதியர் முதுமையைச் சமாளிப்பதை மூன்றாகச் சொன்னார்கள்: குறைவாகத் தேர்ந்தெடு, அதைக் கூடுதலாகப் பழகு, குறைந்ததை வேறு வழியில் ஈடுகட்டு. அவர்கள் காட்டும் உதாரணம் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன். 80 வயதில் எப்படி இப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, இப்போது கொஞ்சம் உருப்படிகளே வாசிக்கிறேன், அவற்றையே அதிகம் பழகுகிறேன், வேகமான இடம் வருவதற்கு முன்னால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறேன், அதனால் அடுத்தது வேகமாகக் கேட்கும் என்றாராம். பாட்டி மோசஸ் என்று பேர் பெற்ற அமெரிக்க ஓவியர் மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் பூத்தையலை விட்டுத் தூரிகை எடுத்தவர், எழுபதுகளின் பிற்பகுதியில். 101 வயது வரை வாழ்ந்தார்.

நான் என்ன செய்தேன்? எலெக்ட்ரானிக் சாமான்களை விட்டுவிட்டேன். மிக்சி, ஃபேன், தையல் மெஷின் மட்டும். காந்த முனை ஸ்க்ரூடிரைவர் வாங்கினேன். நுணுக்கமான வேலை வந்தால் பையன் கை, என் காது. நீங்களும் உங்கள் வேலையை இப்படிப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பகுதி போய்விட்டது, எது இன்னும் கையில் இருக்கிறது என்று. முழுசாகப் போயிருக்காது.

வெளியே போக முடியாதவர்களுக்கு

1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் ஒரு முதியோர் இல்லத்தில் சோதனை செய்தார்கள். இரண்டு மாடி. ஒரு மாடிக்காரர்களிடம், உங்கள் அறை, உங்கள் நேரம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, விரும்பினால் ஒரு செடியையும் தாங்களே வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு மாடிக்கும் செடி கொடுத்தார்கள், தண்ணீர் ஊற்றுவது தாதியர். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். சின்ன ஆய்வு, அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும் பெற்றோருக்கு எல்லாவற்றையும் தானே செய்துவிடும் பிள்ளைகள் அந்த இரண்டாவது மாடியை நினைத்துக்கொள்வது நல்லது.

என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கிறார். காலை ஆறரைக்குத் தனியாக வாழும் மூன்று பேருக்கு வரிசையாக போன் செய்வார். எழுந்தாச்சா, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான். ஒருவர் எடுக்கவில்லை என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தலைமாட்டில் எழுதி வைத்திருக்கிறார். என்னைவிட முக்கியமான வேலை.

கிழமை குறியுங்கள்

'நேரம் கிடைக்கும்போது' என்பது வேலைக்கு ஆகாது. நேரம்தான் கொட்டிக் கிடக்கிறதே! கிழமையும் மணியும் வேண்டும். பால்டிமோர் நகரத்தில் முதியவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பிள்ளைகளுக்குப் படிக்க உதவச் செய்த ஒரு திட்டத்தில் வாரம் 15 மணி நேரம் என்று வைத்தார்கள். தனி ஆளாக அல்ல, ஒரே பள்ளிக்குப் பலரைச் சேர்த்து. எடுத்த எடுப்பில் 15 மணி வேண்டாம், இரண்டு மணியில் தொடங்குங்கள். கூட ஒரு ஆள் இருப்பது மட்டும் அவசியம்; மழை நாளில் உங்களை இழுத்துப் போக.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கும் மணி குறியுங்கள். குறிக்காவிட்டால் உங்கள் செவ்வாய்க்கிழமைதான் முதலில் காணாமல் போகும். மகளிடம் "செவ்வாய் பத்திலிருந்து ஒன்று வரை நான் இல்லை" என்று சொன்னபோது அவள் முகம் வாடியது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டாள்.

நோக்கத்தோடு வாழ்ந்தால் ஆயுள் கூடுமா, நினைவு மங்காதா என்று கேட்பீர்கள். சிகாகோவில் 900-க்கும் மேற்பட்ட முதியவர்களை ஏழு வருஷம் வரை கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்வில் நோக்கம் உண்டு என்று உணர்ந்தவர்களுக்கு அல்சைமர் வரும் அபாயம் குறைவாக இருந்தது. எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த மாதிரி ஆய்வுகளின் கேள்வித்தாளில், 'வாழ்க்கையில் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்துவிட்டதாகச் சில சமயம் தோன்றுகிறது' என்று ஒரு வரி வரும். பொத்தான் கழற்றிய அந்தக் காலையில் கேட்டிருந்தால் 'ஆமாம்' என்று அழுத்தி டிக் போட்டிருப்பேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை, ஒரு நாள்தானே என்று நினைத்தேன். பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு போன் அடித்தது. அந்தப் பையன்தான். "தாத்தா, எங்க இருக்கீங்க? இங்க மூணு பேரு நிக்கிறாங்க, ஒண்ணு ரொம்ப சத்தம் போடுது."

என் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்த மனைவி முறைத்தாள். நான் போனை நல்ல காதுக்கு மாற்றிக்கொண்டு, "மெஷின் பக்கத்துல போனைக் கொண்டுபோய் வை, கேட்கிறேன்" என்றேன்.